வாங்கியவன் வீட்டில் விற்றவன் பூட்டு!

இசைவட்டை விலை கொடுத்து வாங்குகிறான் ஒருவன். அதனை இயக்கும் கருவியும் அவன் வாங்கியதே. ஆம்ப்ளிபயர் எனப்படும் மிகைப்பியும், அறையைச் சுற்றி நிற்கும் ஆறு ஒலிபெருக்கிகளும் அவன் உழைப்பால் வந்தவையே. ஆயினும், இவற்றை இணைக்கும் வடத்தின் வழியே எவ்வொலி செல்லலாம், எவ்வொலி செல்லலாகாது என முடிவு செய்பவன் அவனல்லன். விற்றுக் காசு பெற்றுக்கொண்ட முதலாளியே! இதனை வணிகம் என்பதா, வல்லாண்மை என்பதா?

நடந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1999-இல் சோனி, பிலிப்சு நிறுவனங்கள் சூப்பர் ஆடியோ சி.டி.யை வெளியிட்டன. 2000-இல் டி.வி.டி. ஆடியோ வந்தது. இரண்டும் பழைய குறுவட்டினும் நுண்ணிய ஒலியை ஆறு தடங்கள் வரை தரவல்லவை. அக்கால இயக்கிகளின் பின்புறத்தில் ஒளியிழை வடத்திற்கான துளையும் இருந்தது. நொடிக்கு 96,000 முறை அளந்தெடுத்த இருதட ஒலியைச் சுமக்கும் ஆற்றல் அவ்வடத்திற்கு உண்டு. ஆயினும், சூப்பர் ஆடியோவின் நுண்ணொலி அவ்வழியே வெளிவரவே இல்லை. டி.வி.டி. ஆடியோவின் ஒலியோ பெரும்பாலும் 48,000 அளவைக்குத் தாழ்த்தியே விடப்பட்டது.

ஏன் இத்தடை? ஒலி எண்களாகவே வெளிவந்தால் எவனேனும் குறைவின்றிப் படியெடுத்துவிடுவானாம்! ஆகவே, எண்களை இயக்கியினுள்ளேயே மின்னலையாக மாற்றி, முன்னிடம், முன்வலம், நடு, பின்னிடம், பின்வலம், அடியொலி என ஆறு தனித்தனி வடங்களில் அனுப்பினர். அவற்றை ஏற்கும் ஆறு துளைகள் இல்லாத மிகைப்பியை வைத்திருந்தவன் புதியதொன்றை வாங்க வேண்டியவனானான்.

2002 இறுதியில் எச்.டி.எம்.ஐ. வந்தது. 2004, 2005 ஆண்டுகளின் திருத்தங்களால் இவ்விருவகை வட்டொலிக்கும் அவ்வொற்றை வடத்தில் இடம் கிடைத்தது. ஆனால், உடன் வந்தது எச்.டி.சி.பி. என்னும் பூட்டு. மறுமுனையிலுள்ள கருவி உரிய மறைகுறியைக் காட்டினாலன்றிப் பூட்டிய பொருளை இயக்கி விடாது. ஆறு துளைகளுக்காக வாங்கிய மிகைப்பியும் பழம்பொருளாயிற்று!

திருட்டைத் தடுக்க வேண்டாவா என்பர் சிலர். தடுத்ததா அப்பூட்டு? 2010-இல் அதன் தலைமைத் திறவுகோலே வெளியாகிவிட்டது. பூட்டை ஆக்கிய இன்டெல் நிறுவனமே அது மெய்யென ஒப்பியது. கள்வன் கையில் திறவுகோல். காசு கொடுத்தவனோ கதவுக்கு வெளியே! இவ்விழிநிலையை வளர்ச்சி என்று புகழ்வோர் யாருக்காகப் பேசுகின்றனர்?

ஆறு துளைகள் கொண்ட பழைய இயக்கியையும் மிகைப்பியையும் வைத்திருப்போர் விளம்பரத்திற்கு மயங்கி அவற்றைத் தூக்கி எறிதல் வேண்டா. அவ்வாறு வடங்களும் இன்றும் எவர் மறைகுறியையும் கேளாது நுண்ணொலியைக் கொணரும். புதிதாக வாங்குவோர் முகப்பின் பளபளப்பைப் பாராது, பின்புறத் துளைகளை எண்ணிப் பார்த்து வாங்குக. விற்ற பொருளின்மேல் விற்றவனுக்கு ஆட்சியில்லை. இதனை வாங்குவோர் உரக்கச் சொல்லும் நாளிலேதான் அப்பூட்டு உடையும்!