விற்ற பொருளில் கை வைக்கலாமா?

2025ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார மந்திரி ஸ்ரீ பிரகலாத் ஜோஷி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஐஓஎஸ் 18 என்னும் புதிய மென்பொருளை ஏற்றிய பின்னர் ஐபோன்களில் கோளாறு உண்டாகிறதென்று தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் பிராதுகள் வந்தன என்றும், அவற்றை ஆராய்ந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிள் கம்பெனியிடம் பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது என்றும் அவர் தெரிவித்தார். அதே மாதத்தில் கூகிள் கம்பெனி வேறொரு காரியம் செய்தது. 2020 அக்டோபர் முதல் நம் நாட்டில் விற்பனையான பிக்ஸல் 4ஏ என்னும் கைபேசிக்கு, தானாகவே வந்து அமரும் ஒரு மென்பொருளை அனுப்பிற்று. அதன் விளைவாக, அக்கைபேசிகளில் ஒரு பகுதியின் பேட்டரி முன்னைப் போல் மின்சாரத்தைத் தேக்கவுமில்லை. முன்னைப் போல் விரைவில் ஏற்கவுமில்லை. காலையில் ஏற்றிய மின்சாரம் மாலை வரை நின்ற கைபேசி, ஒரே இரவில் சில மணி நேரக் கைபேசியாகி விட்டது.

இவை பட்டணத்துச் செல்வர்களின் கவலை என்று எண்ணுவோர் சேதராப்பட்டுக்கு ஒரு முறை போய்வர வேண்டுகிறோம். அங்குள்ள தொழிற்பேட்டைக்கு மைலம் சாலை வழியே வேலைக்கு வரும் தொழிலாளிக்குக் கைபேசியே பணப்பை, பாங்கியும் அதுவே. கூலி வந்து சேர்ந்த செய்தி அதில் வருகிறது. டீக்கடைக்குக் கொடுக்கும் பணம் அதிலிருந்து போகிறது. சர்க்கார் காரியங்களுக்கு வேண்டிய ரகசிய எண்ணும் அதில்தான் வந்து சேர்கிறது. பலர் அதை மாதத் தவணையில் வாங்கியவர்கள். தவணை தீருமுன் பொருளின் பலம் குறைந்து போனால், தவணைத் தொகையும் அதற்கேற்பக் குறைகிறதா? இல்லை. பொருள் தேய்ந்தாலும் கடன் தேய்வதில்லை.

மதகடிப்பட்டுச் சந்தையில் ஒருவன் உழவு மாட்டை விற்கிறான். வாங்கியவன் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். அன்றோடு விற்றவனுக்கு அந்த மாட்டின் மேல் இருந்த பாத்தியதை முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து அவன் இரவில் தொழுவத்தில் புகுந்து மாட்டின் காலைக் கட்டிவிட்டு, "மாட்டின் க்ஷேமத்துக்காகவே இப்படிச் செய்தேன்" என்று சொன்னால் ஊரார் ஒப்புவார்களா? கைபேசி, அச்சு யந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி, மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றைச் செய்யும் கம்பெனிகள் இன்று கேட்கும் அதிகாரம் இதுவே. பணத்தை முழுவதும் வாங்கிக்கொண்டு, கயிற்றின் மறுநுனியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்கின்றன.

இது புதிதாக முளைத்த வழக்கமன்று. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி, ஸோனி கம்பெனி தனது பிளேஸ்டேஷன் 3 யந்திரத்துக்கு ஒரு மென்பொருளை வெளியிட்டது. லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தையும் அதில் நிறுவிக்கொள்ளலாம் என்று விற்கும்போது சொல்லியிருந்த வசதி அதனால் அகற்றப்பட்டது. அம்மென்பொருளை ஏற்க மறுத்தவர்களுக்கு வலைவழி ஆட்டங்கள் முதலியன நின்றுபோயின. ஆக, இரண்டு வசதிகளுக்குப் பணம் கொடுத்தவன் இரண்டில் ஒன்றை இழந்தே தீரவேண்டும் என்பது கம்பெனியின் தீர்ப்பு. அமெரிக்காவில் பல வருஷம் நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, உரிமை கோரியவர்களுக்கு ஆளுக்குச் சிறு தொகையே கிடைத்தது. 2016 செப்டம்பரில், ஹெச்பி கம்பெனியின் அச்சு யந்திரங்களில் ஒரு பகுதி, அதுவரை ஏற்று வந்த பிற கம்பெனிகளின் மைக் காட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. கம்பெனி முன்னரே அனுப்பியிருந்த மென்பொருளின் வேலை அது. இத்தகைய தடைகளை வாங்குவோருக்கு விளங்கச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் அக்கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதை வாங்கியவர்களுக்கு அறிவிக்கவில்லை என்பதற்காக 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் வசூலித்தது. அமெரிக்காவில் அதே கம்பெனி 50 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டியது நமது கடமை. மென்பொருளைத் திருத்தாமல் விட்டால் திருடர்கள் அதன் ஓட்டைகளின் வழியே நுழைவர். சில சமயங்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2016இல் ஸாம்ஸங் கம்பெனியின் நோட் 7 கைபேசிகள் தீப்பற்றியபோது, திருப்பித் தராதவர்களின் கைபேசியில் மின்சாரம் ஏறாதபடி அமெரிக்காவில் மென்பொருள் அனுப்பப்பட்டது. அதை நாம் குறை கூறவில்லை. திரும்பக் கொடுத்தவர்களுக்குப் பணமோ மாற்றுக் கைபேசியோ கிடைக்க வழி இருந்தது; காரணமும் பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. பிக்ஸல் 4ஏ விஷயத்திலோ, பேட்டரியின் ஸ்திரத்தன்மைக்காக என்றே முதலில் கூறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அதே கைபேசியைப் பற்றி வெளியான பாதுகாப்பு அறிவிப்பிலேதான் பேட்டரி அளவு மீறிச் சூடேறும் அபாயம் தெளிவாகச் சொல்லப்பட்டது. பேட்டரியை மாற்றித் தருவதாகவும் அல்லது ஈடு தருவதாகவும் கூகிள் முன்வந்தது உண்மை. ஆனால் மென்பொருள் தானாக இறங்கிற்று. ஈட்டையோ வாங்கியவனே தேடிச்சென்று கேட்டுப் பெறவேண்டியிருந்தது. குறை பேட்டரியில் இருந்தால், அது செய்தவனின் குறை. அதைத் திருத்தும் அலைச்சலும் செலவும் அவனைச் சேரவேண்டுமேயன்றி வாங்கியவனைச் சேரலாகாது.

"நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கிறேன் என்று நீங்கள்தானே தொட்டீர்கள்?" என்பது கம்பெனிகளின் கடைசி ஆயுதம். பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளை, பெரும்பாலும் ஆங்கிலத்தில், கைபேசியின் சிறு திரையில் காட்டி, சம்மதித்தாலன்றிப் பொருள் இயங்காது என்று நிறுத்தி வைத்துப் பெறும் சம்மதம் என்ன சம்மதம்? பணம் கட்டி முடிந்த பிறகு கேட்கப்படும் சம்மதம் அது. மறுக்க இடமில்லாத சம்மதத்தைக் கட்டாயம் என்றே நாம் சொல்லுவோம்.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? 2020 ஜூலை முதல் அமலில் உள்ள 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரி தானே சொல்லிக்கொண்ட தரத்துக்குப் பொருள் குறைந்திருப்பதையும் குறைபாடு என்றே கணக்கிடுகிறது. விளம்பரத்தில் பறைசாற்றிய வசதியைப் பின்னர் எடுத்துவிடுவது இந்த வரையறைக்குள் அடங்கும் என்பது நமது அபிப்பிராயம். வாங்குவோரின் உரிமையை வெகுவாக மாற்றி, அவரை நியாயமற்ற நிபந்தனைக்கு உட்படுத்தும் ஒப்பந்தத்தை அச்சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தம் என்கிறது. பழைய 1986ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, எதிர்க்கட்சியின் ஊரையோ வழக்கின் காரணம் எழுந்த இடத்தையோ பார்த்தே பிராது கொடுக்க வேண்டும். இப்போது வாங்கியவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ கொடுக்கலாம். கம்பெனி கலிபோர்னியாவில் இருந்தாலும், விற்றவர் பெங்களூரில் இருந்தாலும், சேதராப்பட்டுத் தொழிலாளி புதுச்சேரி மாவட்ட ஆணையத்திலேயே பிராது கொடுக்க முடியும். கொடுத்த விலை 5 லக்ஷம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

எனினும் சட்டத்தில் இரண்டு குறைகளைக் காண்கிறோம். முதலாவது, நேர்மையற்ற ஒப்பந்தம் பற்றிய பிராதை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்கே போகவேண்டும். ஏழைக்கு அருகிலுள்ள வாயிற்படி, அவனுக்கு மிகவும் வேண்டிய விஷயத்தில் மூடியிருக்கிறது. இரண்டாவது, விற்ற பின் மென்பொருளால் வசதியைக் குறைப்பது குற்றம் என்று சட்டம் பெயர் சொல்லிக் கூறவில்லை. ஆகையால் ஒவ்வொரு வழக்கிலும் கம்பெனியின் வக்கீல்களோடு புதிதாக வாதாட வேண்டியிருக்கிறது. ஐரோப்பியர்கள் இவ்விஷயத்தில் நமக்கு முந்திவிட்டார்கள். டிஜிட்டல் உள்ளடக்கங்களையும் சேவைகளையும் பற்றி 2019இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த அவர்களது விதி, தகுந்த காரணமும் முன்னறிவிப்புமின்றி மாறுதல் செய்யலாகாது என்றும், மாறுதலால் கணிசமான பாதகம் நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்றும் கூறுகிறது.

நமது சர்க்கார் செய்ய வேண்டியவை தெளிவானவை. பாதுகாப்புக்கான திருத்தத்தையும் வசதிகளைக் கூட்டிக் குறைக்கும் மாறுதலையும் கம்பெனிகள் தனித்தனியாகவே அனுப்ப வேண்டும். ஒரு வசதி குறையுமானால், அதை வாங்கியவரின் தாய்மொழியில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். வேண்டாதவர் பழைய மென்பொருளுக்குத் திரும்ப வழிவிட வேண்டும். அபாயம் காரணமாகத் திரும்ப இயலாவிடில், கேளாமலே நஷ்டஈடு தரவேண்டும். எத்தனை வருஷத்துக்கு மென்பொருள் ஆதரவு உண்டென்பதை விற்கும்போதே பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். மாவட்ட ஆணையத்தின் கதவையும் இவ்வழக்குகளுக்குத் திறந்துவிட வேண்டும். ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பிய ஆணையம், தனி மனிதர் ஒவ்வொருவரும் பிராது கொடுக்கும் வரை காத்திராமல், ஒரு வகைப் பொருளை வாங்கிய எல்லோருக்காகவும் நடவடிக்கை எடுக்கச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அதிகாரம் ஏட்டில் கிடக்கலாகாது.

சர்க்காரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரே விதமான நஷ்டம் அடைந்த பலருக்காக ஒருவர் அல்லது சிலர், ஆணையத்தின் அனுமதி பெற்று, ஒரே பிராதாகக் கொடுக்கச் சட்டத்தின் 35ஆவது பிரிவு இடந்தருகிறது. தொழிற்சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இதைக் கையில் எடுக்கவேண்டும். வாங்கும்போது விளம்பரத்தையும் பில்லையும் பத்திரப்படுத்துதல், மாறுதல் நேர்ந்த தேதியைக் குறித்து வைத்தல், 1915 என்னும் எண்ணில் உடனே முறையிடுதல் ஆகிய மூன்றையும் சேதராப்பட்டிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் நமது ஊழியர்கள் ஜனங்களுக்குக் கற்பிக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் நமது பெண்களின் கைகள் ஐபோன்களைக் கோத்து முடிக்கின்றன. அவற்றை நம் மண்ணில் செய்கிறோம் என்று நாம் பெருமை கொள்கிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால் நம் கைகள் செய்து, நம் பணம் கொடுத்து வாங்கிய பொருளை, கடல் கடந்த ஓர் அறையில் இருப்பவர்கள் நம்மைக் கேளாமல் முடக்க முடியுமானால், அந்தச் சுதேசியம் பாதிச் சுதேசியமே. இந்நாட்டுக் கம்பெனிகளும் இதே வழக்கத்தைப் பின்பற்றினால் அவற்றையும் இதே கடுமையுடன் கண்டிப்போம். வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே சொந்தம் என்ற எளிய நியாயத்தைச் சட்டத்தில் எழுதிவைக்கச் சர்க்கார் இனியும் தாமதிக்கலாகாது.