ஏசிக்கு கேஸ் போட்டா ரிப்பேர் ஆயிடுமா?

பழைய கார் வச்சிருக்கிற மக்களே, ஒரு சின்ன கேள்வி. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் போடறீங்களா? இல்லைதானே? அப்புறம் காருக்கு மட்டும் ஏன் சித்திரை பொறந்ததும் "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்"னு ஒருத்தர் சொல்ல, நாமளும் பர்ஸை திறக்கறோம்?

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சமாசாரம் கிடையாது. சுத்திச் சுத்தி அதே கேஸ்தான் வேலை செய்யுது. குறைஞ்சா எங்கயோ வெளியே போயிருக்குன்னு அர்த்தம். கார்ல கம்ப்ரஸரை பெல்ட் சுத்துது, எஞ்சின் ஆடறதால ரப்பர் ஹோஸ் போட்டிருக்காங்க. அதனால பல வருஷத்துல கொஞ்சம் கசியறது சகஜம், ஒத்துக்கறேன். ஆனா போன கோடையில போட்டது இந்தக் கோடையில காலின்னா அது ஓட்டைங்க. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தறதுக்குப் பேரு ரிப்பேரா?

என்கிட்ட இருக்கிறது 1991 மாடல் கான்டெஸா. இசுசு 1.8 லிட்டர் எஞ்சின், சோஃபா மாதிரி சீட்டு. அந்தக் காலத்து ஏசி எல்லாமே ஆர்-12 கேஸுக்காகச் செஞ்சது. ஓசோனை அரிக்குதுன்னு 1987-ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, இந்தியா 1992-ல அதுல சேர்ந்து, வளரும் நாடுகளுக்கும் 2010 ஜனவரி 1-லருந்து கதை முடிஞ்சுது. இன்னமும் "ஒரிஜினல் ஆர்-12 தான் போடுவேன்"னு பழைய சிலிண்டர் தேடி அலையற சில விண்டேஜ் ஆர்வலர்கள் உண்டு. பம்பர் ஒரிஜினலா இருக்கட்டும், ஹாரன் ஒரிஜினலா இருக்கட்டும், வேணாம்னு சொல்லலை. வெளியே விட்டா கார்பன் டை ஆக்சைடைவிட பத்தாயிரம் மடங்கு சூடேத்தற, ஓசோனையும் தின்கிற கேஸ்ல என்னங்க ஒரிஜினாலிட்டி?

ஆர்-134ஏ-வுக்கு மாத்தறதுதான் சரி. ஆனா நம்ம பட்டறைகள்ல பாதிப் பேர் மாத்தறது கேஸை மட்டும்! பழைய சிஸ்டத்துல இருக்கிறது மினரல் ஆயில். அது ஆர்-134ஏ-கூட கலக்காது. கலக்கலைன்னா கேஸோட சேர்ந்து கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது, எவாப்பரேட்டர் பக்கமா தங்கிடும். கம்ப்ரஸர் ஆயில் இல்லாம ஓடி ஒரு நாள் 'கடகட'ன்னு ஜாம் ஆகும். உடனே "பழைய வண்டி சார், கம்ப்ரஸர் போயிடுச்சு". எப்படிப் போச்சுன்னு யாரும் கேக்கறதில்லை.

அதனால பழைய ஆயிலை வடிச்சு, லைனை ஃப்ளஷ் பண்ணி, எஸ்டர் ஆயில் போடணும். ஓ-ரிங் எல்லாம் புதுசு, ட்ரையர் கண்டிப்பா புதுசு. அப்புறம் நைட்ரஜன் ஏத்தி, ஜாயின்ட் ஜாயின்ட்டா சோப்புத் தண்ணி தடவிப் பாக்கணும். கம்ப்ரஸர் முன்பக்கம் இருக்கிற ஷாஃப்ட் சீல்தான் நிறைய வண்டியில குற்றவாளி. வண்டி மாசக்கணக்கா ஷெட்ல நின்னா சீல் காஞ்சு விட்டுடும் (மார்கழியா இருந்தாலும் வாரம் பத்து நிமிஷம் ஏசி போடுங்க சாமி). கடைசியா வேக்குவம், அரை மணி நேரமாவது. உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளிய வர்றது அதுலதான். ஈரம் நின்னா எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸ் கட்டும், ஆசிட் ஆகி உள்ளயே அரிக்கும். கேஸும் பழைய அளவுல 80லருந்து 90 சதவீதம் போதும். கூடப் போட்டா கூலிங் கூடாது, பிரஷர்தான் எகிறும். பழைய கண்டென்சர் டிராஃபிக்ல திணறும், அதுக்கு முன்னாடி ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டறது நல்லது.

இன்னொரு கூத்து இருக்கு. சமையல் கேஸ் வகையறாவை ஏத்தறது! ஜில்லுன்னு இருக்கும், பொய்யில்லை. பழைய ஆயிலோடயும் ஒத்துப்போகும், அதனாலதான் சிலருக்கு அதுமேல அவ்வளவு ஆசை. "புது ஃப்ரிட்ஜ்லயே அதுதானே"ம்பாங்க. ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது சில பத்து கிராம், அதுவும் சீல் வச்ச டப்பாவுக்குள்ள. கார்ல அதைவிடப் பல மடங்கு, எவாப்பரேட்டர் இருக்கிறதோ டேஷ்போர்டுக்குக் கீழ, உங்க பொண்டாட்டி புள்ளைங்க முழங்காலுக்குப் பக்கத்துல. கண்ணாடி ஏத்திவிட்ட வண்டியில அது கசிஞ்சு, ஒரு ரிலே பொறி தட்டினா என்ன ஆகும்?

சரி, மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும்னு ஒருத்தர் நேர்மையா சொன்னா, "தேடறதுக்கெல்லாம் காசா?"ன்னு கேக்கற ஓனருங்கதான் அதிகம். கேஸ் சிலிண்டர் கண்ணுக்குத் தெரியுது, அதுக்குக் கொடுப்பாங்க. மூளைக்கும் நேரத்துக்கும் கொடுக்க மனசு வராது. அப்ப அவரும் கேஸையே வித்துட்டுப் போறார். தெரிஞ்ச ஒரு நண்பர் இப்படியே நாலு கோடை கேஸ் போட்டுட்டு, "ஏசி இல்லாத வண்டி எதுக்கு"ன்னு நல்லா ஓடிக்கிட்டிருந்த கான்டெஸாவை எடைக்குப் போட்டார். மனசு ஆறலைங்க.

என் வண்டியில ரெண்டு ஹோஸும் ஷாஃப்ட் சீலும் பாக்கி. ஹோஸ் அளவு கொடுத்தா க்ரிம்ப் பண்ணித் தர ஆள் இருக்கு. பழைய கம்ப்ரஸருக்கு நல்ல சீல் சென்னையில எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா, புண்ணியமா போகும் :-)