அப்பத்தாவின் ஏ.டி.எம் கார்டு யாரிடம் இருக்கிறது?

"தாயி, இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

பட்டா மாறுதல் ஏன் தாமதமாகிறது என்று ஒரு வீடியோ எடுப்பதற்காக ஆர்.டி.ஓ அலுவலகம் போயிருந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. மடியில் மஞ்சப்பை. பைக்குள் பத்திர ஜெராக்ஸ், ஆதார், அரைப் பொட்டலம் மிக்சர். கையில் அப்போதுதான் எழுதி வாங்கிய மனு. எழுதிக் கொடுத்தவருக்கு நூறு ரூபாய் கொடுத்தாராம். (அவர் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

படித்துக் காட்டினேன். 'எனது இளைய மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். அதன் பின்னர் என்னைப் பராமரிக்கவில்லை. மாதம் ஐயாயிரம் ரூபாய் ஜீவனாம்சம் பெற்றுத் தர வேண்டுகிறேன்.'

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு யாரு கேட்டா? எனக்குக் கக்கூஸ் சாவி குடுக்கச் சொல்லி எழுதுய்யான்னேன். இவன் என்னென்னமோ எழுதி வெச்சிருக்கான்."

அப்புறம்தான் கதை வந்தது. இருபது வருஷம் இட்லிக் கடை நடத்தி வாங்கிய இரண்டு சென்ட் இடம். அதில் கட்டிய வீடு. நான்கு வருஷத்துக்கு முன் சின்ன மகன் பெயருக்கு எழுதினார். பத்திரம் பதிவான மாதம் அறையில் இருந்த கட்டில், அடுத்த பொங்கலுக்கு நடைக்கு வந்தது. அதற்கு அடுத்த வருஷம் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனது. "சோறெல்லாம் போடுறாங்க, அதுல குறை சொல்லக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பின்கதவைப் பூட்டிவிடுவார்கள். கழிப்பறை உள்ளே. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இவர் தண்ணீரே குடிப்பதில்லை.

மே மாதத்திலும்.

இடது மணிக்கட்டில் பழைய வீக்கம் ஒன்று இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டார். "வழுக்கி விழுந்துட்டேன்." நான் எதுவும் கேட்கவில்லையே பாட்டி?

கடைசியாக ஒன்று கேட்டார். "மகன் பேரைப் போடாம இதை எழுத முடியுமா தாயி?"

பெயர் இல்லாமல் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள் என்றேன். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அன்று அவர் மனு கொடுக்கவில்லை.

ஜூன் 15-ம் தேதி வந்தால் எங்கள் டெஸ்க்கில் ஒரு கார்டு போடுவோம். முதியோர் வன்கொடுமை விழிப்புணர்வு நாள். சுருக்கம் விழுந்த கை, அதைப் பிடித்த இளம் கை, கீழே இரண்டு வரி. நானே இரண்டு வருஷம் வடிவமைத்திருக்கிறேன். இந்தப் பாட்டியைப் பார்த்த பிறகு அந்தப் படத்தைத் திறந்து பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அதில் கக்கூஸ் சாவி எங்கே இருக்கிறது?

வீட்டில் வயதான பெண்களுக்கு நடக்கும் கொடுமை என்றதும் நமக்கு அடி, உதை, பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போவது என்று செய்தியில் வருபவைதான் ஞாபகம் வருகின்றன. அவையும் நடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ராத்திரி படுக்கையை நனைப்பார்கள் என்று தண்ணீரைக் குறைப்பது. கண் ஆபரேஷனை 'இந்த வயசுல எதுக்கு' என்று தள்ளிப்போடுவது. மகள் போன் செய்தால் 'தூங்குறாங்க' என்பது. பேரப்பிள்ளைகள் முன்னால் 'இது இன்னும் எத்தனை நாளைக்கோ' என்று அவர் காதில் விழும்படியே சொல்வது. ஒரு நாள் பார்த்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. அதனாலேயே யாரும் போலீஸுக்குப் போவதில்லை.

பெண்களுக்கு ஏன் கூடுதலாக? தாத்தா இருக்கும்வரை பாட்டிக்கு ஒரு இடம் இருக்கிறது. அவர் போன பிறகு சொத்துக் கணக்கு தொடங்குகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால், பிள்ளைகளுக்குச் சமமாக மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. அவருடைய தாய் உயிருடன் இருந்தால் அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. இது எத்தனை பாட்டிகளுக்குத் தெரியும்? பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு 'ஒரு கையெழுத்துதாம்மா' என்று கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். எதை விடுதலை செய்தோம் என்று அவருக்குத் தெரிவதே இல்லை.

இதற்கெல்லாம் உடனே 'மருமகள் வந்தா இப்படித்தான்' என்று முடித்துவிடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாட்டி சொன்ன கதையில் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர் மகன். பின்கதவைப் பூட்டுபவரும் மகன். வேலைக்கும் போய், மறதி நோய் வந்த மாமியாரையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு தூக்கமில்லாமல் திரியும் மருமகள்களையும் எனக்குத் தெரியும். களைப்பு நிஜம்தான். அதற்காகக் கைநீட்டுவதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் 'என் அம்மாவை நீ பார்த்துக்கோ' என்று ஒதுங்கிக்கொண்ட மகனிடமும் யாராவது கேட்க வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயம் ஆர்.டி.ஓ அலுவலகத்தில்தான். வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். பாட்டியால் நடக்க முடியாது என்றால் அவர் சொல்லி அனுப்பும் வேறொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுத்த 90 நாட்களுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்ல தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு. பார்த்துக்கொள்ள வேண்டியவர்களே எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தின் 23-வது பிரிவை மட்டும் தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் போனால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். சிக்கல் எங்கே என்றால், பல பத்திரங்களில் அந்த வரியே இருக்காது. 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்றுதான் இருக்கும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு கொடுக்க வந்த சட்டத்தை அந்த நோக்கத்தோடுதான் வாசிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும், பாசத்தால் எழுதிக் கொடுத்தேன் என்பதற்குள்ளேயே பார்த்துக்கொள்வாய் என்ற எதிர்பார்ப்பும் அடங்கியிருக்கிறது என்ற கோணத்தில் ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் கோர்ட் படியேறி நிரூபிப்பதைவிட, பத்திரம் எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வது சுலபம். பத்திர எழுத்தர் 'அதெல்லாம் வழக்கமில்லைம்மா' என்பார். 'பரவாயில்லை, எழுதுங்க' என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். ஒரே வீட்டில் வாழும் தாய், மாமியார், விதவையான அக்கா எல்லோரும் அதில் புகார் கொடுக்கலாம். மகன்மீது மட்டுமில்லை, 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு வீட்டிலுள்ள பெண்கள்மீதும் கொடுக்கலாம். வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவை இதில் வாங்க முடியும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கான 181 எந்நேரமும் எடுப்பார்கள். முதியோருக்கான 14567 காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இவ்வளவும் அந்த வேப்பமரத்தடியில் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் பாட்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "மனுவைக் குடுத்துட்டு ராத்திரி எந்த வீட்டுக்கு தாயி போவேன்?"

அன்று இரவு அறைக்கு வந்து 2007 சட்டத்தை முழுதாக முதன்முறையாகப் படித்தேன். ஆரம்பத்திலேயே 'பிள்ளைகள்' என்றால் யார் யார் என்று ஒரு விளக்கம் வருகிறது. மகன், மகள், பேரன், பேத்தி. மைனராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பேத்தி என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் அப்பத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தாத்தா அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் அப்பத்தாவை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் உண்டு. ஆனால் ஏ.டி.எம் கார்டு அப்பாவின் பர்ஸில். பின் நம்பர் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். அப்பத்தாவுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு நாள் கருவூலத்தில் நேர்காணலுக்கு நேரில் போவார். அன்று மட்டும் அவருக்குப் புதுச் சேலை, வாடகைக் கார், வரும் வழியில் ஹோட்டலில் டிபன். சின்ன வயதில் நான் அதை அப்பத்தாவின் பிறந்தநாள் என்றே நினைத்திருந்தேன்.

என் டிப்ளமோ படிப்பின் இரண்டாவது தவணையும், இந்தப் பத்தியை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் லேப்டாப்பின் தவணையும் அந்தக் கணக்கிலிருந்து போனவை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்குப் போனபோது கேட்டேன். "அப்பத்தா, உனக்கு மாசம் எவ்வளவு பணம் வருதுன்னு தெரியுமா?"

"தெரியாதே. எதுக்குத்தா?"

"வந்தா என்ன வாங்குவே?"

யோசிக்கவே இல்லை. தங்கச்சி ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வர வேண்டுமாம். வெறுங்கையோடு போக முடியாதென்று ஆறு வருஷமாகப் போகவில்லையாம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றதற்கு, "உங்கப்பனுக்கு எத்தனையோ செலவு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிறாத."

பெற்ற மகனிடம், எழுபத்தெட்டு வயதில், தன் பணத்தைப் பற்றிப் பேசக் குரல் தாழ்கிறது. எங்கள் அப்பா நல்லவர். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

சொல்லிவிட்டேன். "நான் என்னடி எடுத்துக் குடிச்சேனா? உனக்குத்தானே செலவு பண்ணேன்" என்றார். உண்மைதான். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை பாஸ்புக்கும் கார்டும் அப்பத்தாவின் தலைமாட்டில், தைலப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தன. இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டபோது, "பேரு போடாத" என்று மட்டும் சொன்னார்.

ஆர்.டி.ஓ அலுவலகப் பாட்டி பதினைந்து நாள் கழித்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து கூப்பிட்டார். மனு கொடுத்துவிட்டாராம். மகன் பெயரோடுதான். விசாரணைத் தேதி இனிமேல்தான் வர வேண்டும். நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலமே பின்கதவுச் சாவி கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"தண்ணி குடிக்கிறீங்களா பாட்டி?"

"குடிக்கிறேன் தாயி. ராத்திரிகூட ஒரு சொம்பு வெச்சிருக்கேன்."