பால் விலைக்கு பதவி தெரியுமா?

நம்ம ஊர் பஞ்சப்படி ரொம்ப எளிமை. ஜனவரியில ஒண்ணு, ஜூலையில ஒண்ணு. சியாச்சின்ல நிக்கிற ஜவானுக்கும் சென்னையில ஃபைல் தள்ளுற மத்திய அரசு எழுத்தருக்கும் ஒரே சதவீதம். அமெரிக்க ராணுவத்தில் அப்படி இல்லை. வெளிநாட்டு முகாமில் இருப்பவர்களுக்கு 'கோலா' என்று ஒரு படி. (குடிக்கிறது இல்லைங்க, காஸ்ட் ஆஃப் லிவிங் அலவன்ஸ் :-))

வாடகைக்குத் தனிப் படி உண்டு, அது இதில் சேராது. ஒவ்வொரு ஊரிலும் வருடா வருடம் கடை விலை எடுப்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை, "எந்தச் சாமானை எங்கே வாங்குறீங்க?" என்று வீரர்களையே கேட்பார்கள். இரண்டையும் வைத்து அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு குறியீட்டு எண். 110 வந்தால் அங்கே செலவு 10 சதவீதம் கூட என்று அர்த்தம்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கேள்வியிலதான் வில்லங்கம். முகாமுக்குள் கமிசரி என்று ராணுவ மளிகைக்கடை இருக்கும். அங்கே விலை பொதுவாக வெளிக்கடையை விடக் குறைவு. நிறைய பேர் அங்கேயே வாங்குவதாகச் சொன்னால் குறியீடு இறங்கும், அந்த ஊரில் எல்லோருக்கும் படி குறையும். கார் இல்லாமல், முகாமுக்கு வெளியே குடியிருந்து, பக்கத்துக் கடையில் ஜப்பான் விலைக்குத் தக்காளி வாங்குகிற சின்னப் பையனுக்கும் அதே வெட்டு. அடுத்தவன் சிக்கனத்துக்கு இவன் அபராதம் கட்டணுமா?

நாணய மாற்றில் எனக்குச் சண்டை இல்லை. 2021 தொடக்கத்தில் டாலருக்கு 105 யென்கூட வரவில்லை, 2022 அக்டோபரில் 150ஐத் தாண்டியது. டாலர் சம்பளக்காரருக்கு வெளிக்கடை மலிவாகும்போது படி குறைவது சரிதான், என்னதான் அவர்கள் புலம்பினாலும்.

நிஜமாகவே உறுத்துவது பதவி விஷயம். அந்தக் கூடுதல் சதவீதத்தை 'செலவிடக்கூடிய வருமானம்' என்ற தொகையால் பெருக்குகிறார்கள். பதவி, சர்வீஸ், குடும்ப அளவு பார்த்து அது மாறும். அந்தத் தொகை சிப்பாய்க்கு 2000 டாலர், கர்னலுக்கு 4000 என்று சும்மா வைத்துக்கொள்வோம். 10 சதவீதத்தில் இவனுக்கு 200, அவருக்கு 400. பெரிய அதிகாரி கூடச் செலவழிப்பார் என்று விளக்கம் சொல்வார்கள். ஏங்க, பாலுக்கும் டயப்பருக்கும் கடைக்காரர் தோள்பட்டையைப் பார்த்தா விலை சொல்றார்? (நம்ம பஞ்சப்படியும் சம்பளத்தில் சதவீதம்தான், அங்கேயும் இதே கதை.)

என் கட்சி இதுதான். சாப்பாடு, குழந்தைச் செலவு மாதிரி அத்தியாவசியத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, மிச்சத்துக்கு மட்டும் சம்பளக் கணக்கு. மொத்தச் செலவு கூட வேண்டாம், மேலே கொஞ்சம் குறைத்துக் கீழே கொடுத்தால் போதும். கர்னல்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.