முதலில் நீங்கள் கேமராவை ஆன் பண்ணுங்கள்

பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம். சராசரியான ஓர் அலுவலக மீட்டிங் ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். நீள மேஜை, எட்டு நாற்காலி, சுவரில் டிவி, டிவிக்கு மேல் ஒற்றைக் கேமரா. அதன் பார்வைக் கோணம் 90 டிகிரி என்றால், 5 மீட்டர் தள்ளி மேஜைக் கோடியில் இருப்பவரோடு சேர்த்து 10 மீட்டர் அகலத்தை அது பார்க்கிறது. வீடியோ 720பி-யில் வருகிறது என்று வையுங்கள், குறுக்கே 1280 பிக்சல். மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் அந்த முகத்துக்குக் கிடைப்பது 19 பிக்சல். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் எச்.264 முறை, படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் வேலையைத் தொடங்கும். ஆக, ஒரு முழு முகம், அதன் சலிப்பு, சந்தேகம், அரைச்சிரிப்பு எல்லாம் சேர்த்து, ஒரு கட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

இப்போது மறுமுனை. கீழ்வேளூரில் வீட்டு மாடி அறையில், லேப்டாப்பிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் நான். அதே கணக்கைப் போட்டால் என் முகத்துக்குச் சுமார் 190 பிக்சல். பரப்பளவில் 100 மடங்கு. நான் கொட்டாவியை அடக்குவது சென்னையில் சுவரளவு திரையில் தெரியும். அங்கே ஒருவர் எழுந்து வெளியே போனால்கூட எனக்குச் சில சமயம் தெரியாது.

இந்த லட்சணத்தில் அந்த 19 பிக்சல் முகங்களில் ஒன்று என்னிடம் சொல்கிறது: "கேமரா ஆன் பண்ணுங்க ப்ரோ, முகம் பார்த்துப் பேசினாத்தான் ஒரு கனெக்ட் இருக்கும்."

பல ஐடி கம்பெனிகளைப் போல எங்கள் அலுவலகத்திலும் மீட்டிங் ரூம்களுக்கு நதிகளின் பெயர். வாராந்திரக் கூட்டம் நடப்பது 'காவிரி'யில். திரையில் எட்டு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டம், கீழே ஒரே பெயர். காவிரி பேசுகிறது, காவிரி சிரிக்கிறது, காவிரி திடீரென்று மௌனமாகிறது. யார் சொன்னதற்கு யார் முகம் சுளித்தார், யார் யாரைப் பார்த்துத் தலையாட்டினார் என்பதெல்லாம் அந்த மௌனத்துக்குள் நடந்து முடிந்திருக்கும். பத்து நிமிஷம் கழித்து "அதான் அப்பவே முடிவாயிடுச்சே" என்பார்கள். எப்போது? யாரோ ஒருவர் புருவத்தை உயர்த்தியபோது. கடைமடையில் வளர்ந்தவனுக்கு இது புதுசு இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பரில் போட்டோவோடு வரும். எங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீரைக் காணோம் என்றால், "அதான் திறந்தாச்சே, இன்னும் என்ன?" என்பார்கள். "லிங்க் அனுப்பியாச்சே, இன்னும் என்ன?" என்பதும் அதே குரல்தான்.

இதற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம் சாஃப்ட்வேர். ஏஐ முகங்களைக் கண்டுபிடித்துத் தனித்தனியாக வெட்டிக் கொடுத்துவிடுமாம். எதை வெட்டும்? அதே இடத்தில் 4கே கேமரா வைத்தாலும் கோடியில் இருப்பவரின் முகத்துக்கு 58 பிக்சல்தான் தேறும். அதைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல். இதைவிட மோசமானது கோணம். நீள மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவரிலிருக்கும் கேமராவுக்குத் தெரிவது அவர்களுடைய காது. எந்த மென்பொருளும் காதைக் கொடுத்தால் காதைத்தான் பெரிதாக்கித் தரும். அந்தப் பக்கம் இன்னொரு கண் வேண்டும். ஓர் அறைக்கு இரண்டோ மூன்றோ கேமரா, அதில் ஒன்றாவது மேஜை நடுவில், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில்.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாத விஷயம். கீழ்வேளூர் அட்சயலிங்க சுவாமி கோயில் ஒரு மாடக்கோயில். கோச்செங்கட் சோழன் யானை ஏற முடியாதபடி உயர்த்திக் கட்டியது என்பார்கள். மூலவரைப் பார்க்கப் படியேற வேண்டும், நேர் எதிரே நிற்க இடம் கிடைக்க வேண்டும். எல்லாருக்கும் அது வாய்க்காது என்பதால் உற்சவர் கீழே இறங்கி நான்கு வீதியும் வருகிறார். டிவிக்கு மேல் ஆணியடித்த கேமரா மூலவர் மாதிரி, அது நகராது.

தொழில்நுட்பம் நேற்று வந்ததும் இல்லை. சிஸ்கோ நிறுவனம் 2006-லேயே டெலிபிரசன்ஸ் அறையைக் கொண்டுவந்தது. ஆறு பேருக்கு மூன்று கேமரா, மூன்று பெரிய திரை, விலை சுமார் 3 லட்சம் டாலர். ஒரு கேமராவுக்கு இரண்டே முகம் என்ற கணக்கு அப்போதே பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட், மேஜை நடுவில் வைக்கும் ரவுண்ட்டேபிள் என்ற கருவியை விற்றது. சுற்றிலும் பார்க்கும் ஐந்து கேமராக்கள் அதில் உண்டு. 2023-ல் ஜூம், ஓர் அறையின் பல கேமராக்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் பொருத்தமான கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியை அறிவித்தது. தெரியாமல் இல்லை. டைரக்டர்கள் டைரக்டர்களோடு பேசும்போது முகம் தேவைப்பட்டது, வாங்கினார்கள். டெவலப்பர் பேசும்போது குரல் வந்தால் போதும்.

காசு இல்லை என்கிறீர்களா? 'காவிரி'யில் உட்கார்ந்திருக்கும் எட்டு பேர் முன்னாலும் எட்டு லேப்டாப் திறந்திருக்கிறது. எட்டு கேமரா. மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு ஆளுக்கொருவராக அதே லிங்கில் நுழைந்தால், எட்டு முகம், எட்டு பெயர், செலவு பைசா இல்லை. ஒலிக்கு ரூமின் மைக் இருக்கவே இருக்கிறது. நான் இதைக் கேட்டுப் பார்த்தேன். "எல்லாரும் ஒரே ரூம்லதான இருக்கோம், எதுக்கு தனித்தனியா?" என்று பதில் வந்தது. அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில் நான் இல்லை என்பதைச் சொன்னவர் கவனிக்கவில்லை.

இதை ஐடிக்காரனின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. கொரோனா காலத்தில் டெல்டா மாவட்டங்களில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் காணொலியில் நடந்தது. ஊர்ப் பக்கத்து அலுவலக அறையில் விவசாயிகள், மறுமுனையில் ஆட்சியர். இங்கே தராசு தலைகீழ். கூட்டம் நம் பக்கம், அதிகாரம் திரைக்கு அந்தப் பக்கம். அப்படி ஓர் அறையில் ஒரே கேமரா இருந்தால் அதன் எதிரே நாற்காலி பிடித்தவருக்குத்தான் முகம். கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல்லைப் பற்றிச் சொல்ல வந்து பின்சுவரோரம் நிற்கும் பெண்ணுக்கு 19 பிக்சலும் தேறாது. நேரில் கூட்டம் போட்டால் அந்தம்மா எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகினாலே ஆட்சியர் திரும்பிப் பார்ப்பார்.

நீதிமன்றங்கள் இதை நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கின்றன. நேரலைக்காக உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு 2021 ஜூனில் வெளியிட்ட வரைவு மாதிரி விதிகள், நீதிமன்ற அறையில் குறைந்தது ஐந்து கோணம் வேண்டும் என்கின்றன. ஒன்று நீதிபதிக்கு, இரண்டு வழக்கறிஞர்களுக்கு, ஒன்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஒன்று சாட்சிக்கு. கூண்டில் நிற்பவருக்கும் ஒரு கேமரா என்று எழுத்தில் இருக்கிறது. என் ஸ்டேண்டப் மீட்டிங்கில் அந்த அளவு கௌரவத்தைக் கேட்பது பேராசையா?

பல கேமரா என்றால் கண்காணிப்புதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். பதிவு வேண்டாம், கேமராவுக்கு மூடி இருக்கட்டும், மூடும் உரிமை அறையில் இருப்பவர்களிடமே இருக்கட்டும். ஆனால் இந்தப் பயம் ஏன் அறைக்குள் கேமரா வரும்போது மட்டும் வருகிறது? என் படுக்கையறைச் சுவர், பின்னால் கொடியில் காயும் துண்டு, குறுக்கே போகும் அம்மா எல்லாம் 2020-லிருந்து உங்கள் டிவியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போது யாரும் அந்தரங்கம் பற்றிக் கட்டுரை எழுதவில்லை.

இப்போது மெயில் வந்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ். காரணம்: தொலைவில் இருப்பவர்கள் 'விவாதங்களில் முழுமையாகப் பங்கேற்பதில்லை'. என் அப்பாவுக்கு டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு நாள். நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. என்னைப் போல ஏதோ ஒரு காரணத்தால் ஊரிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எங்கள் டீமிலேயே நான்கு பேர். நாங்கள் பங்கேற்கவில்லை என்று அளந்தவர்கள், எங்களுக்கு என்ன தெரிந்தது என்று ஒருமுறையாவது இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார்களா? மெயிலுக்கு நான் எழுதிய பதிலில் கேட்டது இரண்டே விஷயம். முடிவெடுப்பதற்கு முன் ஒரு மாதம், கூட்டத்தில் எல்லோரும் அவரவர் லேப்டாப்பிலிருந்து நுழைய வேண்டும். அந்த ஒரு மாதமும் மெயிலில் கையெழுத்திட்டவர் தன் வீட்டிலிருந்து கலந்துகொள்ள வேண்டும்.

போன தடவை சென்னை போனபோது 'காவிரி'யின் மேஜையைப் பார்த்தேன். நடுவில் கேபிள்கள் மேலே வருவதற்குச் சதுரமாக ஒரு திறப்பு, கரண்டும் நெட்வொர்க்கும் அங்கேயே இருக்கின்றன. கேமரா வைக்க அதைவிடச் சரியான இடம் கிடையாது. அதன் மேல் பிஸ்கட் தட்டு வைத்திருந்தார்கள்.