சிப்பாய் வாசலோடு நிற்க வேண்டுமா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, பீருமேடு பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அதிகாரியாகப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைக் காண்பது அரிது. அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒரு காலத்தில் அது உண்மைதான். ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1913-இல் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை டாக்டர் சுப்பராயன் சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தவர். மகன் இங்கிலாந்தில் பயின்று 1933-இல் பீரங்கிப் படை அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் லிபியாவில் காட்டிய வீரத்துக்கு டி.எஸ்.ஓ. விருது பெற்றார். 1942-இல் அங்கேயே சிறைப்பட்டார். இத்தாலியில் தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மானிய முகாமில் அடைபட்டார். 1965 பாகிஸ்தான் போரின்போது இராணுவத் தலைமையகத்தில் உயர் பொறுப்பு வகித்தார். 1966 முதல் 1969 வரை தரைப்படையின் தலைமைத் தளபதி. 1967-இல் நாதுலாவில் சீனப் படையோடு மோதல் நடந்ததும் அவர் காலத்தில்தான்.

வீரமும் உழைப்பும் அவருடையவை. ஆனால் முதல் வாசலைத் திறந்துவிட்டது பிறப்பு.

நான் டிப்ளமா படித்து இரயில்வேயில் சேர்ந்தவன். எந்த வாசலில் நுழைகிறோமோ, அதுவே எந்தப் படிவரை ஏறலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன். சிப்பாயாகச் சேர்வதில் குறைவொன்றுமில்லை. இன்னொரு வாசல் இருப்பதே தெரியாமல் சேர்வதுதான் குறை.

இன்று அந்த வாசல் தேர்வால் திறக்கிறது. மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக மலை இறங்கினால் உடுமலைப்பேட்டை வட்டம் அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது. கேரளத்துக்குக் கழக்கூட்டத்தில் ஒன்று. இரண்டும் 1962-இல் தொடங்கியவை. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். இடங்களில் பெரும்பங்கு அந்தந்த மாநிலத்தவருக்கே என்பதால், இருப்பிடச் சான்றைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு. அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. நம் பிள்ளைகளுக்கு இதுதான் தடைச்சுவர்.

போர் என்றால் பெற்ற வயிறு கலங்கும் என்பீர்கள். சிப்பாயைப் பெற்றவளுக்கும் அதே கலக்கம்தானே?

ஆண்டுவிழாவுக்குச் செலவிடும் நம் சங்கங்கள், ஞாயிறுதோறும் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தர ஓர் அறையை ஒதுக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் நம்மில் பலர். கணக்குப் பாடத்துக்கு நான் வருகிறேன். ஆங்கிலத்துக்கு யார் வருகிறீர்கள்?