கதவை அடைத்தவர் யார்?

"படிப்பகத்துக்கு ஆளே வருவதில்லை, இளைஞர் அனைவரும் கைப்பேசியிலே மூழ்கிக் கிடக்கின்றனர், நாட்டிலே சிந்தனை செத்துவிட்டது!" என்று புலம்புகின்றனர் சிலர். புலம்புவோர் யார்? படிப்பகத்தின் சாவியைத் தம் மடியிலே முடிந்து வைத்திருப்போர்! அவர்களைக் கேட்கிறோம்: மக்கள் வர மறுத்தனரா? வந்தவரை நீங்கள் பேசவிட்டீரா?

1951-ஆம் ஆண்டிலே தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர். அந்த நாளிலேதான் தேநீர்க் கடையும் முடிதிருத்தும் நிலையமும் ஏழையின் பல்கலைக்கழகங்களாயின! ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார், சுற்றியிருப்போர் கேட்பர். பாதியிலே ஒருவர், "நிறுத்தும் ஐயா, அதெப்படி?" என்பார். மற்றொருவர் மறுப்பார். தேநீர் ஆறும், வாதம் ஆறாது. தீராத வழக்கு அடுத்த வார ஏட்டுக்காகக் காத்திருக்கும். வழக்காடியவர் மீண்டும் வருவார். வரும்போது அண்டை வீட்டாரையும் அழைத்து வருவார், தம் கட்சிக்குத் துணை வேண்டுமே! எழுத்தறியாதவனுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது: கேள்வி கேட்பது. கூட்டம் வளர்ந்ததும் கலையாதிருந்ததும் இதனாலேதான். பெரியார் தம் கூட்டங்களிலே கேள்விச் சீட்டுகளை வாங்கி விடையிறுத்தாரே, எதிர்ப்பாளரும் முன்வரிசையிலே வந்தமர்ந்தது வேறெதற்காக?

விருதுநகர் இதனை அறியாத ஊரா? 1931-இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய ஊர். 1956-இல், 'தமிழ்நாடு' எனும் பெயர் கேட்டுச் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கிய ஊர். 76 நாள் நோன்பிருந்து அவர் மாண்டார். அவர் எழுப்பிய கேள்வி மாளவில்லை. 1969-இல் பெயரே மாறிற்று.

இன்றோ, பல படிப்பகங்களிலே படங்கள் உண்டு, மாலைகள் உண்டு, பிறந்தநாள் தோறும் ஒலிபெருக்கி உண்டு. கேள்வி கேட்டாலோ, "நீ யார் ஆள்?" என்ற எதிர்க்கேள்விதான் உண்டு!

கைப்பேசியைக் குறை கூறுகிறீர். அங்கே இளைஞன் ஒரு வரி எழுதினால் மறுமொழி வருகிறது, வசையாகவேனும்! வசை வாணத்தைப் போன்றது. ஓசையோடு கிளம்பும், ஊரே அண்ணாந்து பார்க்கும், அணைந்ததும் அதனினும் பெரிய வாணம் வேண்டும். சிவகாசிச் சீமையாருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? ஆயினும், அந்த வாணத்தைத் தேடி அவன் போகிறான் என்றால், உங்கள் விளக்கிலே எண்ணெய் இல்லை என்றே பொருள்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே பலர், தீயைக் கண்டு ஓடிவந்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்திலே மீண்டும் சாவு. ஒவ்வொரு முறையும் கூட்டம் கூடுகிறது, செய்தி பரவுகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. பின்னர் பேச்சு அடங்கிவிடுகிறது. அடுத்த வாரமும் கூடிப் பேச இடம் எங்கே?

ஓர் அறையிலே எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஆலையிலே வேலை செய்யும் பெண் அறிவாள். அவள் படிப்பகப் படியேறியதுண்டா? ஆடவர் ஏடு புரட்டும் மாலை வேளையில் அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள்! பழைய தேநீர்க் கடைகளும் அவளுக்குப் பலகை போடவில்லை. அந்தக் குறையையும் மறைப்பதற்கில்லை.

என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரைப் பள்ளிக்கு அழைத்தபோது வந்தவர் நால்வர். அவர்களிலே ஒருவர், "காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் சார் கொடுக்கணும்?" என்றார். விடையைத் தேடிப் படித்து, அடுத்த கூட்டத்திலே சொல்வதாகக் கூறினேன். அடுத்த கூட்டத்துக்குப் பதினொருவர் வந்தனர். பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை!

ஆகவே, படிப்பகப் பெரியீர், ஞாயிறு பிற்பகல் அந்தச் சாவியை இப்பெண்களிடம் கொடுங்கள். அவர்கள் செய்தியைப் படிக்கட்டும், இடைமறிக்கட்டும், சச்சரவிடட்டும். விடை கிடைக்காத கேள்வியைக் கரும்பலகையிலே எழுதி, விடை வரும்வரை அழிக்காமல் வையுங்கள். அதற்கு இடம் வேண்டுமாயின், மாலையிட்ட படங்களிலே இரண்டைக் கழற்றி வைக்கலாம்.